தீவைப்பு: சட்டத்தில் தனிப்பெயர் பெறாத பெருங்குற்றம்

பிறருடைய வீட்டையோ விளைச்சலையோ வேண்டுமென்றே கொளுத்துவது கொடுங்குற்றம் என்பதை எந்தக் கிராமத்திலும் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அக்குற்றத்துக்கு இந்தியக் குற்றவியல் சட்டம் தனிப்பெயர் எதையும் சூட்டவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும், அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், தீவைப்பைச் 'சொத்துக்குக் கேடு விளைவித்தல்' என்னும் பரந்த குற்றத்தின் கடுமையான ஒரு வகையாக மட்டுமே கருதுகின்றன. புதிய சட்டத்தின் 326ஆம் பிரிவைப் பிரித்துப் பார்த்தால், பாசன நீரைக் குறையச் செய்வது, சாலையையும் பாலத்தையும் சேதப்படுத்துவது, அரசு அலுவலர் நட்ட எல்லைக்கல்லைப் பெயர்ப்பது ஆகியவற்றுக்குப் பின்னால், அதே பிரிவின் கடைசி உட்பிரிவுகளாகவே தீ வந்து நிற்கிறது. ஒரு குடும்பத்தின் கூரையும் குதிரும் துணிமணியும் சான்றிதழ்களும், சில வேளைகளில் உயிர்களும் ஒரே இரவில் சாம்பலாகும் குற்றத்தை எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்த இந்த வகைப்பாடு எவ்வாறு உருவாயிற்று என்பதும், அதனால் நேர்ந்த விளைவுகள் எவை என்பதும் ஆராயத்தக்கவை.

உத்திரமேரூர் வட்டத்தில் செய்யாற்றை ஒட்டி அமைந்துள்ள பெருநகர் போன்ற நெல் விளையும் ஊர்களில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. அறுவடை முடிந்ததும் வீட்டுப் புறக்கடையிலோ களத்துமேட்டிலோ எழும் வைக்கோல் போர் மாட்டுக்கு வருடம் முழுவதற்குமான தீனியாகும். போரைக் கொளுத்தியவன் அந்த வீட்டின் கறவையையும் உழவையும் சேர்த்தே கெடுத்தவனாவான். ஓலைக் கூரைகள் குறைந்து காரை வீடுகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் காலனிகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் கூரை வீடுகள் இருக்கவே செய்கின்றன. கோடையில் காய்ந்த கூரை பற்றிக்கொண்டால் தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் எஞ்சுவது மண்சுவர் மட்டுமே என்பதால், பகை தீர்க்க நினைக்கும் கயவனுக்குத் தீயைப் போல மலிவான ஆயுதம் வேறு கிடைப்பதில்லை. அரிவாளுக்குத் துணிவு வேண்டும், எதிரியின் முகத்தைப் பார்க்கவும் வேண்டும். தீப்பெட்டிக்கு இருட்டு மட்டுமே போதும்.

தமிழில் தீயோடு சேரும் வினைச்சொற்கள் செயலின் தன்மையைத் தாமே பிரித்துக் காட்டும் ஆற்றல் உடையவை. அடுப்பை மூட்டுகிறோம், விளக்கை ஏற்றுகிறோம், பிணத்துக்கு எரியூட்டுகிறோம், பிறன் வீட்டுக்குத் தீவைக்கிறோம் அல்லது வீட்டைக் கொளுத்துகிறோம். இவற்றுள் 'வைத்தல்' என்னும் வினைக்குத் தனிச்சிறப்பு உண்டு. வைப்பவன் ஒருவன் இல்லாமல் வைத்தல் நிகழாது என்பதால், 'தீப்பிடித்தது' என்னும் வாக்கியத்தில் இல்லாத செய்பவனும் அவனது நோக்கமும் 'தீவைத்தான்' என்பதில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. குற்றவியல் அறிஞர்கள் குற்றமனம் என்று குறிப்பிடும் கூறு, அதாவது தீங்கு நேர வேண்டும் என்ற எண்ணம் அல்லது நேரும் என்ற அறிவு, தமிழ்ச் சொல்லின் இலக்கணத்திலேயே பொதிந்துள்ளது.

ஆங்கிலத்தில் இக்குற்றத்தைக் குறிக்கும் 'ஆர்சன்' என்னும் சொல்லின் பிறப்பு வேறு வகையானது. எரிதல் எனப் பொருள்படும் 'ஆர்தேரே' என்ற லத்தீன் வினையின் இறந்தகால எச்சம் 'ஆர்சுஸ்'. அதிலிருந்து 'ஆர்சியோ' என்ற பெயர்ச்சொல் இடைக்கால லத்தீனில் தோன்றி, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் நெடுங்காலம் நீதிமன்றங்களில் வழங்கிய சட்டப் பிரெஞ்சில் இடம்பெற்றது. ஆங்கில எழுத்தில் அது ஒரு சொல்லாக நிலைபெற்றது 17ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அந்நாட்டினர் 'வீடெரித்தல்' என்றே பச்சையாகச் சொல்லிவந்தனர். மக்களின் பழைய பெயரில் வீடு இருந்தது. வழக்கறிஞர்கள் கொண்டுவந்த பெயரில் எரிதல் மட்டுமே எஞ்சியது. ஸ்காட்லாந்துச் சட்டம் இன்றளவும் இக்குற்றத்தை 'வேண்டுமென்றே தீ எழுப்புதல்' என்று குறிக்கிறது. நோக்கத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் அந்த வழக்கு தமிழின் 'தீவைப்பு'க்கு நெருங்கியது.

சொல்லில் வீடு மறைந்தாலும் இங்கிலாந்தின் பொதுச் சட்டம், அதாவது சட்டமன்றம் இயற்றாமல் நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த சட்டம், வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. பிறர் குடியிருக்கும் வீட்டை வன்மத்தோடு எரிப்பதே ஆர்சன் என்று அது வரையறுத்தது. ஆளில்லாத் தோட்டத்தின் வேலியைக் கொளுத்துவது வேறு குற்றம். சுவரோ உத்திரமோ சிறிதேனும் கருக வேண்டும், வெறும் புகைக்கறை போதாது என்றும் அது வலியுறுத்தியது. தான் குடியிருந்த வீட்டுக்குத் தானே தீவைத்த ஒருவர் மீதான வழக்கில், பிறர் வீடு எரியாதபோது அது பெருங்குற்றமாகாது என 1634இல் தீர்ப்பளிக்கப்பட்டது. இக்குற்றத்தால் காக்கப்பட்டது கட்டடத்தின் விலையன்று, உள்ளே உறங்குபவரின் உயிரும் அமைதியும் என்பதே இந்த விதிகளின் உட்கருத்து. பிற்காலத்தில் அந்நாடும் அந்த நிலையை விட்டு விலகியது. 1971ஆம் ஆண்டின் சேதக் குற்றச் சட்டம் பழைய குற்றத்தை நீக்கி, எந்தச் சொத்தையும் தீயால் அழிப்பது ஆர்சன் எனக் குற்றம் சாட்டப்பட வேண்டும் என்று வகுத்து, உச்சத் தண்டனையாக ஆயுள் சிறையை வைத்தது.

பண்டைய சட்டங்கள் இதைவிடக் கடுமையானவை. ரோமானியரின் பன்னிரு பலகைச் சட்டம், வீட்டையோ வீட்டருகே குவித்த தானியத்தையோ அறிந்தே எரித்தவனைக் கட்டிச் சவுக்கால் அடித்துத் தீயிலேயே கொல்ல வேண்டும் என்றது. கைதவறி நேர்ந்ததாயின் இழப்பை ஈடு செய்தால் போதும் என்றும் அது பிரித்துரைத்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் மேய்ச்சல் நிலம், வயல், களம், வீடு, மரக்காடு, யானைக்காடு ஆகியவற்றுக்குத் தீவைத்தவனுக்கு எரித்துக் கொல்லும் தண்டனையை விதிக்கிறது. கவனக்குறைவால் தீ மூண்டால் 54 பணம் அபராதம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எரியும் வீட்டை அணைக்க ஓடி வராத வீட்டுக்காரனுக்கும் அதில் அபராதம் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது. வயலையும் களத்தையும் வீட்டோடு ஒரே வரிசையில் வைத்தது வேளாண் சமூகத்தின் அறிவு; அதனைப் படிக்கும் எந்த உழவர் குடும்பமும் உடனே ஒப்புக்கொள்ளும். தரும நூல்களோ தீவைப்பவனை ஆததாயி, அதாவது கொல்ல வந்தவனுக்கு ஒப்பானவன், என்ற வகையில் நஞ்சிடுபவனோடும் ஆயுதம் ஏந்தி வருபவனோடும் சேர்த்தன. அவனைத் தடுக்கும்போது கொன்றாலும் குற்றமில்லை என்னும் அக்கருத்தின் சாயல் தற்காப்புரிமை பற்றிய இன்றைய சட்டத்திலும் காணப்படுகிறது. குடியிருப்புக்குத் தீவைக்க முயல்பவனைத் தடுப்பதில் உயிரிழப்பு நேர்ந்தாலும் அது காப்புரிமையின் எல்லைக்குள் அடங்கக்கூடும்.

பெருநகருக்கு அண்மையில், உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை, குடவோலை முறைக்காக உலகப் புகழ் பெற்றவை. ஊராட்சிக் குழுவான வாரியத்துக்குக் குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றோர் பட்டியலில் தீவைத்தவன் என்று தனியே குறிக்கப்படவில்லை. எனினும் சாகசியரும் கிராம கண்டகரும் விலக்கப்பட்டனர். சாகசம் என்பது தரும நூல்களில் வலிந்து செய்யும் வெளிப்படையான வன்குற்றத்தைக் குறிக்கும், கிராம கண்டகர் ஊருக்கு முள்ளாக இருப்போர். ஊரைக் கெடுத்தவன் ஊரை ஆளத் தகுதியற்றவன் என்ற அந்த நெறியைக் கல்லில் வெட்டி வைத்த வட்டாரம் இது. அதே சோழர் ஆட்சிப் பரப்பில், முதலாம் குலோத்துங்கனின் ஆட்சித் தொடக்கத்தில், வலங்கை, இடங்கை என்னும் சாதிப் பிரிவுகளின் பூசலில் இராசமகேந்திர சதுர்வேதிமங்கலம் என்னும் ஊர் தீக்கிரையாக்கப்பட்டுக் கோயில் பண்டாரமும் சூறையாடப்பட்டதைக் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. கூட்டமாகச் சென்று ஊரைக் கொளுத்துவது இக்காலத்தின் கண்டுபிடிப்பு அன்று.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பகைவர் நாட்டை எரிப்பதை நம் பழைய இலக்கணம் புகழுக்குரிய செயலாகவே எண்ணியது. தொல்காப்பியம், படையெடுப்பைப் பாடும் வஞ்சித்திணையில் எரிபரந்தெடுத்தல் என ஒரு துறையை வகுக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை அதற்கு உழபுலவஞ்சி என்று பெயரிடுகிறது. அரசன் எரித்தால் வெற்றி, குடிமகன் எரித்தால் குற்றம் என்ற இரட்டை அளவுகோலின் சுமையை ஏற்றவர்கள் எப்போதும் ஊர் மக்களே. 1780இல் ஐதர் அலியின் படைகள் கர்நாடகச் சமவெளியில் புகுந்து, அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலேயப் படையை முறியடித்த காலத்தில், செங்கல்பட்டுச் சீமையின் ஊர்கள் எரிக்கப்பட்டு, ஏரிகள் உடைக்கப்பட்டு, மக்கள் இடம்பெயர்ந்தனர். போர்முறை என்று பெயர் சூட்டியதால் எரிந்த கூரைக்கு வலி குறைந்துவிடவில்லை.

1860ஆம் ஆண்டின் சட்டம் மெக்காலே தலைமையிலான சட்டக் குழு 1837இல் அளித்த வரைவிலிருந்து பிறந்தது. பழைய ஆங்கிலச் சொற்களின் குழப்பத்தை விலக்கி, குற்றங்களைத் தெளிந்த வரையறைகளாக அடுக்குவதே அதன் நோக்கமாக இருந்ததால், ஆர்சன் என்ற சொல்லைக் கைவிட்டுத் 'தீயால் கேடு விளைவித்தல்' என்ற விளக்கத்தை அது அமைத்துக்கொண்டது. அதில் நன்மையும் உண்டு. கேடு விளைவிக்கும் பொருள் தனக்கே உரியதாயினும், அதனால் பிறருக்கு இழப்பு நேரச் செய்தால் குற்றமாகும் என்ற விளக்கத்தால், காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் கடையையே கொளுத்துபவனும் பங்காளியை ஒழிக்கப் பொது வீட்டைக் கொளுத்துபவனும் 1634ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் போன்ற ஓட்டையில் நுழைந்து தப்ப முடியாது. ஆனால் அளவுகோல் பணமாயிற்று. பழைய 435ஆம் பிரிவின்படி, சாதாரணச் சொத்தாயின் 100 ரூபாய், விளைபொருளாயின் 10 ரூபாய் என்ற அளவுக்கு மேல் சேதம் விளைவிக்கத் தீவைத்தால் ஏழாண்டு வரை சிறை. விளைச்சலுக்குப் பத்தில் ஒரு பங்கு வரம்பு வைத்த அக்கறை போற்றத்தக்கது. பாரதிய நியாய சன்ஹிதா அந்த ரூபாய்க் கணக்கை முற்றிலும் நீக்கி, விளைபொருள் உள்ளிட்ட எந்தச் சொத்துக்கும் பொருந்துமாறு 326ஆம் பிரிவின் (எஃப்) உட்பிரிவை அமைத்துள்ளது. பழைய 436ஆம் பிரிவு, மக்கள் குடியிருக்கும் அல்லது வழிபடும் கட்டடத்தையோ பொருள்களைப் பாதுகாக்கும் இடத்தையோ அழிக்கத் தீவைத்தால் ஆயுள் சிறை அல்லது பத்தாண்டு வரை சிறை என்றது. அதுவே இன்று (ஜி) உட்பிரிவு. முதல் வகை பிணையில் விடத்தக்கது, இரண்டாம் வகை பிணையில் விடத்தகாதது. வைக்கோல் போரும் வீடும் சட்டத்தின் பார்வையில் பிரியும் இடம் இதுவே.

எரிந்தது என்ன என்று சட்டம் கேட்டது. யாருடையது, எதற்காக எரிக்கப்பட்டது என்ற கேள்வி நெடுங்காலம் எழுப்பப்படவில்லை. அந்த வெற்றிடத்தின் கொடுமையைத் தமிழகம் கண்டது 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில். அறுவடைக் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தில் திரண்டிருந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் தாக்கப்பட்டபோது, ஒரு சிறு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும், அந்தக் குடிசையோடு எரித்துக் கொல்லப்பட்டனர். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970இல் நிலக்கிழார்கள் சிலருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை வழங்கியது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள், அவர்களுள் ஒருவர் கார் வைத்திருப்பவர், வேலையாட்களை ஏவாமல் தாமே நேரில் நடந்து சென்று தீவைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. செல்வத்தையே குற்றமின்மைக்குச் சான்றாக்கிய அந்த வாதம் தமிழக நீதி வரலாற்றின் ஆறாத காயம். தீவைப்பு என்பது ஏவியவனும் செய்தவனும் பிரிந்து நிற்கக்கூடிய, தன் சான்றைத் தானே எரித்துவிடும் குற்றம் என்பதைச் சற்றேனும் மனத்தில் கொண்டிருந்தால், அத்தகைய ஐயத்தின் பலனை எரித்தவருக்கு அளித்திருக்க இயலாது.

கடல் கடந்தும் இதே வெற்றிடம் தெரிந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவை ஒட்டிய வன்முறையில் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் மீட்கவியலா ஓலைச்சுவடிகளும் அழிந்தன. தீயால் கேடு விளைவித்தலுக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் இலங்கையிலும் உண்டு. ஒரு சமூகத்தின் நினைவை எரித்ததை எந்தச் சொத்து மதிப்பில் அது அளந்திருக்க முடியும் என்பது தனிக்கேள்வி. அவ்வெரிப்புக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

'யாருடையது' என்ற கேள்வி இந்தியச் சட்டத்தில் முதன்முதலாக முழுமையாக நுழைந்தது 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில். அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, இம்மக்களின் சொத்துக்குத் தீயால் சேதம் விளைவித்தால் குறைந்தது ஆறு மாதமும் அதிகமாக ஏழாண்டும் சிறை என்றும், அவர்கள் குடியிருக்கும் வீட்டையோ வழிபாட்டிடத்தையோ தீவைத்து அழித்தால் ஆயுள் சிறை என்றும் வகுத்தது. பத்தாண்டு என்ற மாற்று வழி அங்கே இல்லை. இருப்பினும் 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில், சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி, நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணாநகர் ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்ற பழமொழி அன்று சொல்லுக்குச் சொல் நடந்தேறியது. எரிக்கப்பட்டவை பலவும் குடிசைகள் அல்ல, பெங்களூரிலும் பிற ஊர்களிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் எழுந்த வீடுகள் என்பது கவனத்துக்குரியது. அந்த முன்னேற்றமே தீவைத்தவர்களின் இலக்கு.

அதே தருமபுரியில் 2000 பிப்ரவரி 2 அன்று, ஓர் அரசியல் தலைவருக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்பைக் கண்டித்த கும்பல், கல்விச் சுற்றுலா முடித்துவந்த கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்தை இலக்கியம்பட்டியில் எரித்ததில் மாணவியர் மூவர் உயிரிழந்தனர். 2007இல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2016இல் அதே நீதிமன்றம், மாணவியரோடு குற்றவாளிகளுக்குத் தனிப்பட்ட பகை இல்லை, கும்பல் வெறியில் நிகழ்ந்த செயல் என்பதைக் கருத்தில் கொண்டு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 நவம்பரில் அரசு அவர்களை விடுவித்தது. தூக்குத் தண்டனை வேண்டாம் என்பது ஏற்கத்தக்க நிலைப்பாடே. ஆனால் தீவைத்தவன் சொத்தைத்தான் குறிவைத்தான், உயிரையன்று என்ற சிந்தனை இவ்வழக்கில் வந்து நின்ற இடத்தைப் பார்க்கும்போது, தீவைப்பைச் சொத்துக் குற்றத்தின் கிளையாக வைத்த 1860ஆம் ஆண்டு வகைப்பாட்டின் நிழல் எவ்வளவு நீளமானது என்பது புலனாகும். உள்ளே ஆட்கள் அமர்ந்திருக்கும் பேருந்தில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்துபவன் எரிக்க விரும்பியது இரும்பையா, ஆளையா என்று பிரித்துக் கேட்பதில் நியாயம் இல்லை.

கவனக்குறைவால் மூளும் தீயை இதனோடு கலக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட பள்ளித் தீ அலட்சியத்தின் கொடுமை; அதற்கு வேறு பிரிவுகள், வேறு பொறுப்புகள். ஆனால் வழக்கத்தில் இந்த எல்லை மறுபக்கமாகவே மீறப்படுகிறது. வைத்த தீயும் விபத்தாகவே முதலில் எழுதப்படுகிறது. குடிசை எரிந்தால் மறுநாள் செய்தித்தாளில் 'தீ விபத்து' என்று வருகிறது. வருவாய்த் துறை அரிசியும் வேட்டி சேலையும் நிவாரணத் தொகையும் வழங்கும்போது அதே சொல்லைப் பதிவேட்டில் எழுதுகிறது. மின்கசிவு என்ற காரணம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சொல் ஒருமுறை ஏட்டில் ஏறிவிட்டால் விசாரணை தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. ஏனெனில் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஆவியாகும் இயல்புடையவை. சாம்பலையும் கருகிய கூரைத் துண்டையும் அடி மண்ணையும் சில மணி நேரத்துக்குள் காற்றுப் புகாத கொள்கலனில் அடைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பாவிட்டால், பின்னர் ஆய்வில் எதுவும் புலப்படாமல் போகக்கூடும். பொதுவாக ஊர்க்காரர்கள் அன்று காலையிலேயே அந்த இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் சான்று அதோடு போய்விடுகிறது.

இந்நிலையை மாற்றும் வாய்ப்பு புதிய நடைமுறைச் சட்டத்தில் உள்ளது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு நேரில் வர வேண்டும் என்கிறது. மாநில அரசுகள் அதனை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது. வைக்கோல் போரைக் கொளுத்தும் குற்றத்துக்கும் உச்சத் தண்டனை ஏழாண்டு என்பதால், பெருநகரின் களத்துமேட்டில் எரிந்த போரும் இந்த விதிக்குள் வரும். தமிழக அரசு அவகாசம் முடியும்வரை காத்திராமல் வட்டத் தலைமையிடங்கள்தோறும் இதற்கான வசதியை ஏற்படுத்த வேண்டும். செய்தியாளர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் காரணம் உறுதியாகும்வரை 'தீ விபத்து' என்று எழுதாமல் 'தீ' என்று மட்டும் எழுதப் பழக வேண்டும். தம் கூரையோ போரோ எரிந்து, எவரேனும் வைத்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், 101ஐ அழைத்துத் தீயை அணைத்த பின் சாம்பலைத் தொடாமல் விட்டு, காவல் நிலையத்தில் 'தீவைப்பு' என்ற சொல்லோடே புகாரை எழுத்தில் அளித்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்; அந்த நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் சட்டப்படியான உரிமை.